பாக்டீரியா முடங்கும், நம்ம செல் தப்பிக்கும்... யார் இந்த எல்லாப்பிரகட சுப்பாராவ்?

காரைக்குடியோ சென்னையோ, எந்த மருந்துக்கடையில் டாக்ஸிசைக்ளின் வாங்கினாலும் அது டெட்ராசைக்ளின் குடும்பத்து மருந்துதான். அந்தக் குடும்பத்தின் முதல் மருந்து ஆரியோமைசின். அது உருவான ஆய்வுக்கூடத்துக்குத் தலைமை தாங்கியவர், சென்னையில் டாக்டருக்குப் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ்.

கதர் போட்டதால் போன பட்டம்

1895-ல் அன்றைய சென்னை மாகாணத்து பீமவரத்தில் பிறந்தார் சுப்பாராவ். மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் படிக்கும்போது கதர் அணிந்து போனது ஆங்கிலேயப் பேராசிரியருக்குப் பிடிக்கல. எம்.பி.பி.எஸ். கைநழுவியது, அதைவிடக் குறைந்த எல்.எம்.எஸ். சான்றிதழ்தான் கிடைத்தது. ஸ்புரூ என்ற குடல் நோய்க்குச் சகோதரர்கள் இருவரைப் பறிகொடுத்தார்.

செல்லின் கைச்செலவுக் காசு

பிறகு அமெரிக்காவின் ஹார்வர்டுக்குப் போனார். 1929-ல் சைரஸ் ஃபிஸ்கேவுடன் சேர்ந்து தசையில் ஏ.டி.பி.யைக் கண்டறிந்தார். அதே ஆண்டு ஜெர்மனியில் கார்ல் லோமனும் அதைக் கண்டுபிடித்தார். செல் எந்த வேலை செய்தாலும் செலவாகும் காசு இதுதான். நம்ம செல்லில் இதைப் பெருமளவு தயாரிப்பது மைட்டோகாண்ட்ரியா. பாக்டீரியாவுக்கு அது கிடையாது. அதன் செல் சவ்வே அந்த வேலையைப் பார்க்கிறது.

ஹார்வர்டில் நிரந்தர வேலை கிடைக்கவில்லை. 1940-ல் லெடர்லே மருந்து நிறுவனத்துக்கு மாறினார்.

பாக்டீரியாவை மட்டும் குறிவைப்பது எப்படி?

நம்ம செல் ஒரு செட்டிநாட்டு வீடு மாதிரி. உள்ளே தனித்தனி அறைகள், டி.என்.ஏ. இருக்கும் உட்கருவுக்குத் தனிச் சவ்வு. இதுதான் யூகேரியோட். பாக்டீரியா ஒற்றை அறை. உட்கரு இல்லை, டி.என்.ஏ. திறந்தே கிடக்கும். இது புரோகேரியோட்.

இரண்டுக்கும் வெளிச்சவ்வு உண்டு. புரதம் தயாரிக்கும் ரைபோசோமும் உண்டு. ஆனால் பாக்டீரியாவின் ரைபோசோம் 70எஸ் வகை. நம்ம செல்லில் பெரும்பாலும் 80எஸ். பாக்டீரியாவின் ரைபோசோமை ஆரியோமைசின் பிடித்துக்கொள்ளும். புரதம் நின்றால் பாக்டீரியா பெருகாது. நம்ம செல்லுக்குப் பெரிய பாதிப்பு இல்லை.

மிசௌரி மண்ணில் கிடைத்த நுண்ணுயிரியிலிருந்து இதைப் பிரித்தவர், லெடர்லேயில் வேலை பார்த்த பெஞ்சமின் டகர். 1948-ல் மருந்து உலகுக்குத் தெரிந்தது.

புற்றுநோய் ஏன் கஷ்டம்?

புற்றுசெல் வெளியிலிருந்து வந்தது இல்லை, நம்ம செல்தான். வீட்டு அமைப்பும் ஒன்றே. சுப்பாராவ் குழு தயாரித்த அமினோப்டெரினைத்தான் டாக்டர் சிட்னி ஃபார்பர், ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்குக் கொடுத்தார். நோய் சில காலம் அடங்கியது. ஆனால் இந்த வகை மருந்து வேகமாகப் பெருகும் நல்ல செல்களையும் தாக்கும். வாய்ப்புண், முடி உதிர்வு எல்லாம் அதனால்தான்.

யானைக்கால் நோய்க்கு இன்றும் தரப்படும் டி.இ.சி. மாத்திரையும் இவர் குழு தந்ததே.

1948 ஆகஸ்டில், 53 வயதில், தூக்கத்திலேயே உயிர் பிரிந்தது. நோபல் பரிசு இவருக்குக் கிடைக்கவே இல்லை.