பரீட்சை எழுதாமல் போன திருச்சி மாணவர்... சம்மர் லீவில் உங்க வீட்டு வாண்டுக்கு கல்கி!

மே மாதத்தில் ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் படித்துறையில் போய் நின்று பாருங்கள். காவிரி முக்கால்வாசி மணலாகத்தான் கிடக்கும். மேட்டூர் அணையைத் திறக்க வழக்கமான தேதி ஜூன் 12. அதுவரை திருச்சிக்காரர்களுக்கு வெயில்தான் துணை. ஸ்கூலும் லீவு. ஏழாம் கிளாஸ் முடித்த தம்பியோ, அக்கா பெண்ணோ வீட்டில் இருந்தால் மத்தியானம் முழுக்க நம்ம போன் நம்ம கையில் இருக்காது.

'ஏதாவது புக் படிக்கலாம்ல?' என்று வீட்டில் யாராவது ஆரம்பிப்பார்கள். மணிரத்னம் படம் 2022, 2023 என்று இரண்டு பாகமாக வந்துபோன பிறகு அந்தப் 'புக்' பெரும்பாலும் பொன்னியின் செல்வன்தான். ஐந்து பாகத்தையும் அட்டைப்பெட்டியோடு வாங்கிக் கையில் கொடுத்துவிடுவோம். பிள்ளை நாலு நாள் புரட்டும். வந்தியத்தேவனின் குதிரை வீராணம் ஏரிக்கரையைத் தாண்டுவதற்குள் புத்தகம் ஷெல்ஃபுக்குப் போய்விடும். பிள்ளையைக் குறை சொல்லிப் பயனில்லை. 12 வயதுக்கு முதல் நாவலாக இரண்டாயிரம் பக்கத்துக்கு மேல் கொடுத்தால் யாருக்குத்தான் மூச்சு முட்டாது?

அதே கல்கி எழுதிய இன்னொரு கதை இருக்கிறது. சின்னது. திருச்சியிலேயே, காவிரிக்கரையிலேயே ஆரம்பிக்கிறது. அந்தக் கதைக்குப் போகும் முன், அதை எழுதியவர் இதே ஊரில் படித்த ஒரு மாணவர் என்பதில் இருந்து தொடங்குவோம்.

ரா.கிருஷ்ணமூர்த்தி பிறந்தது 1899 செப்டம்பர் 9. மாயவரம் பக்கத்தில் புத்தமங்கலம் என்ற கிராமம். அப்பா ராமசாமி ஐயர் ஊர்க் கணக்குப்பிள்ளை. அம்மா தையல்நாயகி. உள்ளூர்ப் பள்ளி, பிறகு மாயவரம் முனிசிபல் உயர்நிலைப்பள்ளி, அதற்கப்புறம் திருச்சி தேசிய உயர்நிலைப்பள்ளி. காவிரி டெல்டாவின் கீழ்க்கோடியில் இருந்து மலைக்கோட்டை நகரத்துக்கு வந்து சேர்ந்த பையன்.

இங்கேதான் கதையில் திருப்பம். 1920 டிசம்பரில் நாக்பூரில் கூடிய காங்கிரஸ், காந்தியின் ஒத்துழையாமை இயக்கத்தை உறுதி செய்தது. அரசுப் பட்டங்களை விடுங்கள், கோர்ட்டை விடுங்கள், அரசாங்கக் கல்வியை விடுங்கள் என்று நாடு முழுக்க அழைப்பு. கிருஷ்ணமூர்த்தி அப்போது எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சைக்குச் சில மாதமே பாக்கி. வயது 21. இந்தக் காலத்தில் அந்த வயதில் இன்ஜினீயரிங்கே முடித்துவிடுகிறோம். அவருக்கு அது பள்ளி இறுதி. அந்த ஒரு சர்ட்டிஃபிகேட் கையில் இருந்தால் ஏதோ ஒரு ஆபீஸில் குமாஸ்தா வேலை கிடைக்கும், மாதச் சம்பளம் வரும், கணக்குப்பிள்ளை வீடு நிமிரும். அத்தனையும் தெரிந்தே 1921-ல் பள்ளியைவிட்டு வெளியே வந்துவிட்டார்.

இதை 'பரீட்சை எல்லாம் முக்கியமில்ல ப்ரோ' என்ற ரீல்ஸ் வசனமாக மாற்றிவிட வேண்டாம். அந்த முடிவுக்கு அவர் கொடுத்த விலை பெரிது. அடுத்த வருஷமே, 1922-ல், அரசுக்கு எதிராக மேடையில் பேசியதற்காக ஒரு வருஷம் ஜெயில். வெளியே வந்தால் கையில் படிப்புச் சான்றிதழும் இல்லை, வேலையும் இல்லை. ஜெயிலுக்குள் இருந்தபோது ஒரு காரியம் மட்டும் செய்திருந்தார். 'விமலா' என்று ஒரு நாவல் எழுதினார். முதல் முயற்சி. இன்றைக்கு அதைத் தேடிப் படிப்பவர்கள் ரொம்பக் குறைவு. ஆனால், பரீட்சை பேப்பரை நிரப்பியிருக்க வேண்டிய கை வேறு எதை நிரப்பப்போகிறது என்பது அங்கேயே முடிவாகிவிட்டது.

1923-ல் சென்னையில் திரு.வி.கல்யாணசுந்தரனாரின் 'நவசக்தி' பத்திரிகையில் உதவி ஆசிரியர் வேலை. திரு.வி.க.வின் தமிழ் மேடைத் தமிழ், கம்பீரமான தமிழ். அதன் பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்த்த இளைஞர், போகப்போகப் பிடித்துக்கொண்ட பாதை வேறு. பேசுவதுபோல எழுதுவது.

ஐந்தாறு வருஷம் கழித்து அவர் போன இடம் திருச்செங்கோடு பக்கத்தில் ராஜாஜி நடத்திய காந்தி ஆசிரமம். அங்கே 'விமோசனம்' என்று மதுவிலக்குக்காகவே ஒரு பத்திரிகை. யோசித்துப் பாருங்கள்: 'குடிக்காதே' என்று ஒரு பத்திரிகை முழுக்க எழுதினால், குடிக்கிறவர் காசு கொடுத்து வாங்கிப் படிப்பாரா? அதனால் அங்கே கதை எழுதினார். படிக்கிற வழக்கமே இல்லாதவரை எப்படிப் படிக்க வைப்பது என்ற கேள்வியோடு அவர் மல்லுக்கட்டியது அந்தச் சின்ன ஆசிரமத்தில்தான் என்று எனக்குத் தோன்றும். பின்னால் அவர் எழுதிய எல்லாவற்றிலும் அந்தக் கேள்விக்கான பதில் தெரியும்.

இதற்கிடையில் 1928-ல் ஆனந்த விகடனுக்கு 'ஏட்டிக்குப் போட்டி' என்று ஒரு நகைச்சுவைக் கட்டுரை அனுப்பினார். அதில் போட்டுக்கொண்ட பெயர்தான் 'கல்கி'. மனைவி கல்யாணி பெயரின் முதல் பாதியும் கிருஷ்ணமூர்த்தியின் முதல் எழுத்தும் சேர்ந்து 'கல்கி' ஆனது என்று ஒரு கதை வாட்ஸ்அப்பில் சுற்றும். நம்பாதீர்கள். அவர் மனைவி பெயர் ருக்மிணி!

1931 கடைசியில் எஸ்.எஸ்.வாசனின் விகடனுக்கு ஆசிரியர் பொறுப்பில் வந்தார். அடுத்த பத்து வருஷம் தலையங்கம், நகைச்சுவை, பயணம், 'கர்நாடகம்' என்ற பெயரில் இசை, நாட்டிய விமர்சனம் என்று எழுதாத விஷயம் இல்லை. 1937-ல் 'கள்வனின் காதலி' தொடர். அடுத்து 'தியாகபூமி'. படமாக எடுக்கப்பட்டுக்கொண்டிருந்தபோதே, அதன் ஸ்டில்களோடு தொடராகவும் வந்த கதை அது. ட்ரெய்லரும் வெப்சீரிஸும் ஒரே நேரத்தில் ஓடுவதுபோல. படத்தை வெள்ளைக்கார அரசு தடையே செய்தது.

மறுபடி சுதந்திரப் போராட்டம், மறுபடி ஜெயில், மூன்று மாதம். விகடன் வேலையும் முடிந்தது. 1941 ஆகஸ்டில் நண்பர் சதாசிவத்தோடு சேர்ந்து 'கல்கி' வார இதழைத் தொடங்கினார். அதற்கு முதல் போட்டது ஒரு பாட்டுக்காரப் பெண்மணி: எம்.எஸ்.சுப்புலட்சுமி. 'சாவித்திரி' படத்தில் அவர் நாரதராக, ஆண் வேஷத்தில் நடித்துக் கிடைத்த பணம் பத்திரிகைக்குப் போனது.

புதுப் பத்திரிகை. வாசகர்களை வாரா வாரம் திரும்பி வர வைக்க வேண்டும். அப்போது அந்த முதல் வருஷத்திலேயே அவர் எடுத்த ஆயுதம்தான் 'பார்த்திபன் கனவு'. தமிழில் அவர் எழுதிய முதல் சரித்திர நாவல்.

(2003-ல் வந்த ஸ்ரீகாந்த் - சினேகா படம் இல்லை இது. பெயர் மட்டும்தான் ஒன்று. அப்பா, அம்மாவிடம் சொன்னால் முதலில் அந்தப் படத்தின் பாட்டைத்தான் முணுமுணுப்பார்கள்.)

உறையூர்ல ஆரம்பிக்குது கதை

திருச்சிப் பிள்ளைகளுக்கு உறையூர் என்றால் நாச்சியார் கோயில், கைத்தறிப் புடவை, டிராஃபிக். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இருந்து கூப்பிடு தூரம். அந்த உறையூர் ஒரு காலத்தில் சோழர் தலைநகரம் என்பது ஆறாம் வகுப்புப் பாடத்தில் ஒரு வரியாக வந்துபோகும். கல்கி அந்த ஒரு வரிக்குள் நுழைந்து கதவைத் திறக்கிறார்.

ஏழாம் நூற்றாண்டு. சோழ நாடு சுருங்கிப்போய், காஞ்சிப் பல்லவர்களுக்குக் கப்பம் கட்டும் சிற்றரசாகக் கிடக்கிறது. காவிரியில் தண்ணீர் ததும்பி ஓடுகிறது. கரையில் ஒரு தோணித்துறை, ஒரு குடிசை, அதில் படகோட்டி பொன்னனும் அவன் மனைவி வள்ளியும். ராஜாவை விட்டுவிட்டு, ஓடக்காரன் வீட்டில் கதையைத் தொடங்குகிறார் பாருங்கள்... அங்கேதான் கல்கி நிற்கிறார். ஆற்றின் நடுவே அரச குடும்பத்துக்கு ஒரு வசந்தத் தீவு. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே ஒரு தீவிலேயே பிறந்து வளரும் ஸ்ரீரங்கத்துப் பிள்ளைக்கு இதைக் கற்பனை செய்யத் தனியாகப் பயிற்சி வேண்டாம்.

பார்த்திப மகாராஜாவுக்கு ஒரு ரகசியம் உண்டு. சோழ நாடு ஒருநாள் எப்படி இருக்க வேண்டும் என்று அவர் கண்ட கனவையெல்லாம் சித்திரமாக வரைந்து, யாருக்கும் காட்டாமல் ஒரு மண்டபத்தில் பூட்டி வைத்திருக்கிறார். கப்பம் கட்ட மாட்டேன் என்று சொல்லி, தோற்பது நிச்சயம் என்று தெரிந்தே போருக்குக் கிளம்பும் முன், சின்னப் பையனான மகன் விக்கிரமனைக் கூட்டிப்போய் அவற்றைக் காட்டுகிறார். போரில் இறந்தும்போகிறார். அப்பா வரைந்துவைத்த படங்கள் மகன் தலையில் ஏறி உட்கார்ந்துகொள்கின்றன. கடல் கடந்து நாடு கடத்தப்படுகிறான். ரத்தின வியாபாரி வேஷத்தில் திரும்பி வருகிறான். அவன் மனதில் இடம் பிடிக்கும் குந்தவி, அப்பாவைக் கொன்ற போரை நடத்திய பல்லவச் சக்கரவர்த்தியின் மகள்.

கதை நெடுக ஒரு சிவனடியார் வந்துகொண்டே இருப்பார். அவர் யார் என்று நான் சொல்ல மாட்டேன். உங்கள் தம்பியிடம் நீங்களும் சொல்லிவிடாதீர்கள். பாதிப் புத்தகத்தில் அவனே கண்டுபிடித்து, ஓடி வந்து உங்களிடம் சொல்வான். அந்த ஒரு நிமிஷம் போதும், அதற்குப் பிறகு பக்கத்தை அவன் எண்ண மாட்டான்.

அத்தியாயங்கள் சின்னச் சின்னதாக இருக்கும். வாரம் ஒருமுறை வந்த தொடர் என்பதால் ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரு கொக்கி. வாசகரைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பேசும் குரல். யூடியூபில் எபிசோடு முடிந்ததும் அடுத்ததைத் தானாகவே தொடும் விரல் இருக்கிறதே, அதே விரலுக்கு 80 வருஷம் முன்னாடியே எழுதியதுபோல இருக்கும்.

கொடுக்கும்போது ரெண்டு விஷயம்

ஒன்று, இது வரலாறு கிடையாது. நரசிம்மவர்ம பல்லவன் நிஜம், அவன் வாதாபியைப் பிடித்தது நிஜம், சிறுத்தொண்டரும் நிஜம். பார்த்திபனும் விக்கிரமனும் கல்கியின் கற்பனை. பரீட்சையில் போய் பார்த்திபனை எழுதி வைத்தால் மார்க் வராது! எது நிஜம், எது கதை என்று பிரித்துப் பார்ப்பதையே ஒரு விளையாட்டாக வைத்துக்கொள்ளலாம். அந்த விளையாட்டுக்குப் பிறகு மாமல்லபுரத்துக்கு டூர் போனால், அந்தப் பாறைகள் வேறு மாதிரி தெரியும்.

இன்னொன்று, மொழி. பிரயாணம், சக்கரவர்த்தி, பிரதிக்ஞை மாதிரி வார்த்தைகள் நிறைய வரும். ஏழாம் கிளாஸ் தமிழுக்கு இது பழக்கம் இல்லை. முதல் நாலைந்து அத்தியாயத்தை நீங்களே சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். அது ஒன்றும் புதுசு இல்லை. கல்கி எழுதியதைத் தமிழ்நாடு அப்படித்தான் படித்தது. 1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தியாவில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் சுமார் 18 சதவீதம். வீட்டுக்கு ஒரு பத்திரிகை வரும். படிக்கத் தெரிந்த ஒருவர் வாசிப்பார், பாட்டி முதல் பேத்தி வரை சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். அந்தக் காலத்தில், 'பொன்னியின் செல்வன்' ஓடியபோது 'கல்கி' இதழ் விற்பனை 70 ஆயிரம் பிரதிகளைத் தாண்டியது. ஒரு பிரதிக்குப் பின்னால் எத்தனை காதுகள் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

நரபலி கேட்கும் கபாலிகர்கள் வரும் பகுதிகள் கொஞ்சம் பயமுறுத்தும். ராத்திரி தனியாகப் படுக்கப் பயப்படும் பிள்ளை என்றால் பகலில் படிக்கட்டும். பெரும்பாலான பிள்ளைகள் அந்தப் பகுதியைத்தான் இரண்டு தடவை படிக்கும் என்பது வேறு விஷயம்.

கல்கியை எல்லோரும் தலையில் வைத்துக் கொண்டாடவும் இல்லை. புதுமைப்பித்தன் மாதிரி எழுத்தாளர்கள் அவரோடு கடுமையாக மோதினார்கள். நீளமான வர்ணனை, தற்செயலாக நடக்கும் சந்திப்புகள், எல்லோரும் எல்லோரையும் ஒட்டுக்கேட்பது என்று இன்றைக்குப் படித்தாலும் சிரிப்பு வரும் இடங்கள் உண்டு. 12 வயதில் அதெல்லாம் கண்ணில் படாது. 20 வயதில் படும். அப்போது புதுமைப்பித்தனைப் படித்துக்கொள்ளலாம்.

புத்தகத்துக்குச் செலவு பெரிதில்லை. 1999-ல் தமிழக அரசு கல்கியின் எழுத்துகளை நாட்டுடைமை ஆக்கியதால் பல பதிப்பகங்கள் மலிவு விலையில் போட்டிருக்கின்றன. திருச்சி மாவட்ட மைய நூலகத்தில் ஒரு உறுப்பினர் கார்டு போட்டுக் கொடுத்தால் லீவு முழுக்க ஓடிவிடும். புத்தகம் கிடைக்கும்வரை பொறுக்க முடியாது என்றால் 'மதுரைத் திட்டம்' இணையதளத்தில் முழு நாவலும் இலவசமாக இருக்கிறது. போனைப் பிடுங்கி வைக்க வேண்டாம், அதிலேயே படிக்கட்டும்.

இது முடிந்தால் 'சிவகாமியின் சபதம்'. கதைப்படி அது முன்னால் நடப்பது என்றாலும் கல்கி எழுதியது பின்னால்தான், 1944-ல் தொடங்கி. மாமல்லபுரம் கடற்கரையில் ரசிகமணி டி.கே.சி.யோடு உட்கார்ந்திருந்தபோது மனதில் விழுந்த கரு. கொஞ்சம் கனமான கதை, ஒன்பதாம் கிளாஸ் வரை காத்திருக்கலாம். சரித்திரம் பிடித்துப்போன பிள்ளைக்கு நடுவில் ஸ்ரீரங்கத்தில் வளர்ந்த சுஜாதாவின் 'காந்தளூர் வசந்தகுமாரன் கதை'யும் கொடுக்கலாம், வேகமாக ஓடும். பொன்னியின் செல்வன் அதற்கப்புறம். அந்தக் கதை தொடங்குவது ஆடிப்பெருக்கு அன்று. அம்மா மண்டபத்தில் வருஷா வருஷம் ஆடிப் பதினெட்டைப் பார்க்கும் பிள்ளை, இந்தத் தடவை அந்த ஏரிக்கரையைத் தாண்டிவிடும்.

1950-ல் தொடங்கிய அந்தத் தொடரை கல்கி முடித்தது 1954-ல். ஓவியர் மணியத்தை அழைத்துக்கொண்டு இலங்கை வரை போய்ப் பார்த்து எழுதினார். முடித்தபோது வாசகர்கள் கோபப்பட்டார்கள். இவர் என்ன ஆனார், அவர் என்ன ஆனார் என்று கேட்டு எழுதினார்கள். கடைசியில் அவர் தனியாக ஒரு முடிவுரை எழுதி, பாத்திரங்களுக்குப் பிற்பாடு என்ன நடந்தது என்று பதில் சொல்ல வேண்டியிருந்தது. அதே வருஷம் டிசம்பர் 5-ம் தேதி காசநோயால் இறந்தார். வயது 55. அப்போதும் கையில் ஒரு தொடர் ஓடிக்கொண்டிருந்தது, பெயர் 'அமரதாரா'. மீதியை அவர் விட்டுப்போன குறிப்புகளை வைத்து எழுதி முடித்தவர் மகள் ஆனந்தி.