மாணவராகவும் ஆசிரியராகவும் அண்ணல் அம்பேத்கர்

அண்ணல் அம்பேத்கர் அவர்களை இந்திய அரசியல் அமைப்புச் சட்டத்தை வரைந்த மேதையாக நாடு அறியும். ஒடுக்கப்பட்ட மக்களின் உரிமைக்காகப் போராடிய தலைவராக நாம் ஒவ்வொருவரும் அறிவோம். ஆனால் அவர் தம் வாழ்நாளில் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் கல்லூரிகளிலும் பல்கலைக் கழகங்களிலும் மாணவராகவும் ஆசிரியராகவும் கழித்தவர் என்பதை நம்மிற் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை. கல்விப் பணிக்கென்றே தோன்றிய நம் சங்கத்தின் வெள்ளி விழா மலரில் அவர் வாழ்வின் அப்பகுதியை எழுதுவதே பொருத்தமுடையது எனக் கருதுகிறோம்.

அண்ணல் பிறந்த ஆண்டு 1891. அவ்வாண்டு நம் செங்கல்பட்டு மாவட்டத்திற்கும் நினைவிற் கொள்ளத்தக்கது. அப்போது இம்மாவட்டத்தின் ஆட்சிப் பொறுப்பில் இருந்த திரெமென்ஹீர் என்னும் ஆங்கில அதிகாரி, இங்குள்ள ஆதி திராவிட மக்களின் நிலையை நேரிற் கண்டு, குடியிருக்கும் மனையும் சொந்தமில்லாமல், உழும் நிலமும் சொந்தமில்லாமல், பிள்ளைகளுக்குப் பள்ளியும் இல்லாமல் அவர்கள் வாழ்வதை அரசுக்கு அறிக்கையாக எழுதினார். அதன் பயனாகவே 1892-ஆம் ஆண்டில் நிலம் வழங்கும் ஆணை பிறந்தது. பஞ்சமி நிலம் என்று இன்றும் நாம் கூறுவது அதனையே. அடுத்த ஆண்டில் நம் மக்களுக்கான பள்ளிகளுக்குத் தனிச் சலுகைகள் வழங்கும் ஆணையும் வந்தது. தமிழகத்தில் எழுத்தறிவுக்கு வழி தேடிய அக்காலத்திலேதான், மத்திய இந்தியாவின் மாவ் என்னும் படைவீரர் குடியிருப்பில், ஏப்ரல் 14-ஆம் நாள், ஒரு குழந்தை பிறந்தது.

பள்ளியும் கல்லூரியும்

தந்தையார் இராம்ஜி சக்பால் படையில் சுபேதாராக இருந்தவர். படைவீரர் பள்ளியில் தலைமை ஆசிரியராகவும் பணியாற்றியவர். ஆகவே வீட்டில் புத்தகத்திற்கு மதிப்பு இருந்தது. வெளியில்தான் மதிப்பு இல்லை. சாத்தாராவில் பள்ளிக்குச் சென்ற சிறுவன் தன் கோணிப்பையைத் தானே கொண்டு சென்று, மற்றப் பிள்ளைகளுக்கு அப்பால் அதன்மேல் அமர்ந்து பாடங் கேட்டான். தாகம் எடுத்தால் குழாயைத் தொடுதல் கூடாது. பள்ளிப் பணியாளர் திறந்துவிட்டால்தான் தண்ணீர். பம்பாயில் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தபின் வடமொழி கற்க விரும்பினார். அது மறுக்கப்படவே பாரசீகம் பயின்றார்.

1907-ஆம் ஆண்டில் மெட்ரிகுலேஷன் தேறியபோது கேளுஸ்கர் என்னும் ஆசிரியப் பெருந்தகை அவரைப் பாராட்டிப் புத்தர் வரலாற்று நூலொன்றைப் பரிசாக அளித்தார். மகனை மேலே படிக்க வைக்கத் தந்தையாரால் இயலாமற் போன காலத்தில், அவரே பரோடா மன்னர் சாயாஜிராவிடம் எடுத்துச் சொல்லி மாதம் 25 ரூபாய் உதவித் தொகை கிடைக்கச் செய்தார். எல்பின்ஸ்டன் கல்லூரியின் பேராசிரியர் முல்லர் தம் நூல்களை இரவல் தந்தார். இவ்வாறு 1912-ஆம் ஆண்டில் அவர் பி.ஏ. தேறினார். ஒரு மன்னரின் பணமும் ஓர் ஆசிரியரின் பரிந்துரையும் மற்றோர் ஆசிரியரின் புத்தகங்களும் சேர்ந்தே அப்பட்டத்தைப் பெற்றுத் தந்தன.

கொலம்பியாவில்

1913-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் தந்தையார் மறைந்தார். வீட்டுச் சுமை இளைஞரின் தோளில் விழுந்தது. அந்நிலையில் பலரும் கிடைத்த வேலையைப் பற்றிக்கொண்டிருப்பர். ஆயின் பரோடா மன்னர் வெளிநாட்டில் படிக்க மூன்றாண்டுகளுக்கு மாதம் பதினொன்றரைப் பவுன் அளிக்க முன்வந்தபோது, திரும்பி வந்து பத்தாண்டுகள் பரோடா அரசில் பணியாற்றுவதாக ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டு, அதே ஆண்டு ஜூலையில் அவர் நியூயார்க் நகரை அடைந்தார்.

கொலம்பியாப் பல்கலைக் கழகத்தில் அவர் வாழ்ந்த மூன்றாண்டுகளை முதுகலை மாணவர் அனைவரும் அறிதல் நலம். பொருளாதாரத்தில் மட்டும் 29 பாடங்கள்; வரலாற்றில் 11, சமூகவியலில் 6, தத்துவத்தில் 5, மானிடவியலில் 4, அரசியலில் 3 எனப் பட்டத்திற்கு வேண்டிய அளவுக்கு மேலாகவே பயின்றார். செலிக்மன், ஜான் டூயி போன்ற பெரும் பேராசிரியர்களின் வகுப்பில் முன்வரிசையில் அமர அவரை எவரும் தடுக்கவில்லை. பல்கலைக் கழக விடுதியில் அவரோடு ஒரே அறையில் தங்கியவர் நவல் பத்தேனா என்னும் பார்சி இளைஞர். சாத்தாராவில் கோணிப்பையில் தனித்து அமர்ந்தவருக்கு இது எத்தகைய மாற்றம் என்பதை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

உதவித் தொகையிற் சிக்கனம் செய்து ஒரு பகுதியை ஊரிலுள்ள மனைவி இரமாபாய் அம்மையாருக்கு அனுப்பினார். எஞ்சியதில் பழைய புத்தகக் கடைகளைத் தேடிச் சென்று நூல்களை வாங்கிக் குவித்தார். 1915-ஆம் ஆண்டில், பண்டைய இந்திய வாணிகம் பற்றிய ஆய்வுரைக்காக எம்.ஏ. பட்டம் பெற்றார். 1916-ஆம் ஆண்டு மே மாதத்தில் கோல்டன்வைசர் என்னும் பேராசிரியரின் மானிடவியல் கருத்தரங்கில் இந்தியாவில் சாதிகள் என்னும் கட்டுரையைப் படித்தார். தமக்குள்ளேயே மணஞ்செய்து கொள்ளும் வழக்கத்திற் சாதியின் வேரைக் கண்ட அக்கட்டுரை மறு ஆண்டில் ஆய்விதழொன்றில் வெளிவந்தது. கருத்தரங்கிற்கு எழுதிய மாணவர் கட்டுரை நூறாண்டு கடந்தும் படிக்கப்படுவது அரிதினும் அரிது.

பரோடாவும் சிடனாம் கல்லூரியும்

1916-இல் அவர் இலண்டன் பொருளாதாரப் பள்ளியில் சேர்ந்தார். சட்டம் பயிலக் கிரேஸ் இன் என்னும் வழக்கறிஞர் கழகத்திலும் பதிவு செய்து கொண்டார். ஓராண்டு முடிவதற்குள் உதவித் தொகைக் காலம் முடிந்தது. நான்காண்டுகளுக்குள் திரும்பி வந்து படிப்பைத் தொடரலாம் என்ற அனுமதியை மட்டும் பெற்றுக்கொண்டு 1917-இல் தாயகம் திரும்பினார். அது முதல் உலகப் போர்க் காலம். அவருடைய பொருள்கள் வந்த கப்பல் தாக்கப்பட்டு மூழ்கியது. அரிய நூல்கள் பல கடலில் போயின.

ஒப்பந்தப்படி பரோடாவில் பணியேற்கச் சென்றார். கொலம்பியாவில் பயின்ற அறிஞரின் மேசைமீது அலுவலகப் பணியாளர் கோப்புகளைத் தூர நின்று வீசினர். தங்குவதற்கு அந்நகரில் இடம் கிடைக்கவில்லை. வேறு வழியின்றிப் பார்சி விடுதியொன்றில் பார்சிப் பெயரோடு தங்கினார். உண்மை தெரிந்தவுடன் தடியேந்திய கூட்டம் வந்து அவரை வெளியேற்றியது. பூங்காவில் ஒரு மரத்தடியில் அமர்ந்து அழுதார் என அவர் வரலாறு கூறுகிறது. நியூயார்க்கில் பார்சி நண்பர் ஒரே அறையில் உடன் வாழ்ந்தார். பரோடாவில் பார்சி விடுதி விரட்டியது. குறை எந்த ஓர் இனத்திலும் இல்லை. இந்நாட்டின் காற்றிலேயே இருந்தது என்பதை அந்நிகழ்ச்சி தெளிவாக்குகிறது.

1918 நவம்பரில் பம்பாய் சிடனாம் கல்லூரியில் அரசியற் பொருளாதாரப் பேராசிரியரானார். தொடக்கத்தில் இவர் என்ன கற்பிக்கப் போகிறார் என்று அலட்சியமாக இருந்த மாணவர்கள் சில வாரங்களில் மாறினர். அவர் விரிவுரையைக் கேட்க வேறு கல்லூரி மாணவர்களும் அனுமதி பெற்று வந்து அமர்ந்தனர். ஆயின் ஆசிரியர் அறையில் இருந்த தண்ணீர்ப் பானையிலிருந்து அவர் நீர் எடுப்பதை உடன் பணியாற்றிய ஆசிரியர் சிலர் எதிர்த்தனர். மாணவர்கள் அவரை ஆசிரியராக ஏற்றுக்கொண்ட பின்னும், ஆசிரியர்கள் அவரைத் தம்முள் ஒருவராக ஏற்கவில்லை. படித்துப் பட்டம் பெற்றால் இழிவு தானே நீங்கும் என்று எண்ணுவோர்க்கு இது ஒரு பாடம்.

மீண்டும் மாணவர்

அப்பதவியிலேயே அவர் நிலைத்திருக்கலாம். நிலையான வருவாய் இருந்தது, குடும்பமும் பெரிது. எனினும் சம்பளத்தில் மிச்சம் பிடித்து, கோலாப்பூர் சாகு மன்னரின் உதவியும், நண்பர் பத்தேனாவிடம் பெற்ற 5,000 ரூபாய்க் கடனும் சேர்த்துக்கொண்டு, 1920-ஆம் ஆண்டில், தம் இருபத்தொன்பதாம் வயதில், பேராசிரியர் பதவியை விட்டு மீண்டும் மாணவரானார். பிரிட்டிஷ் அருங்காட்சியக நூலகத்தில் காலை முதல் மாலை வரை படிப்பு. பல நாள் அரை வயிற்று உணவு. இரவில் அறையில் மீண்டும் படிப்பு. 1921-இல் எம்.எஸ்ஸி. பட்டமும் 1922-இல் பாரிஸ்டர் தகுதியும் பெற்றார். ரூபாயின் பிரச்சினை என்னும் ஆய்வுரையைத் தேர்வாளர்கள் முதலில் அப்படியே ஏற்கவில்லை; ஆங்கில ஆட்சியைக் குறைகூறும் அதன் போக்கு அவர்களுக்கு உறுத்தலாயிற்று. கையிருப்புத் தீர்ந்து ஊர் திரும்பிய நிலையிலும், தம் முடிவுகளை மாற்றாமல் சொற்களை மட்டும் திருத்தி அனுப்பினார். 1923-ஆம் ஆண்டு இறுதியில் டி.எஸ்ஸி. பட்டம் கிட்டியது.

கொலம்பியாவின் டாக்டர் பட்டத்திற்கோ ஆய்வுரையை அச்சிட்டு அளிக்க வேண்டும் என்ற விதி இருந்தது. அந்நூல் 1925-இல் வெளிவந்து, 1927-ஆம் ஆண்டில்தான் பட்டம் முறைப்படி வழங்கப்பட்டது. அறிவு முன்னரே இருந்தது. அச்சுச் செலவுக்கும் ஓய்வுக்கும் வழி பிறக்கப் பத்தாண்டுகள் ஆயின. நூலைத் தமக்கு உதவிய பரோடா மன்னருக்கே உரிமையாக்கினார்.

ஆசிரியரின் கருத்து

1924-ஆம் ஆண்டில் பம்பாய்ப் பல்கலைக் கழகச் சீர்திருத்தக் குழுவுக்கு அவர் எழுதியளித்த கருத்துரை இன்றும் பயனுடையது. இளங்கலைக் கற்பித்தலை ஒரு சாராரிடமும் முதுகலை ஆய்வை மற்றொரு சாராரிடமும் பிரித்து ஒப்படைத்தல் இரண்டையும் கெடுக்கும் என்றும், ஆராய்பவரே கற்பிக்கவும் கற்பிப்பவரே ஆராயவும் வேண்டும் என்றும் அவர் வற்புறுத்தினார். வழக்கறிஞர் தொழிலில் வருவாய் போதாத நாட்களில் கணக்கியல் பயிற்சி நிலையமொன்றில் வணிகச் சட்டம் கற்பித்தார். 1935 முதல் 1938 வரை பம்பாய் அரசு சட்டக் கல்லூரியின் முதல்வராக விளங்கி, சட்டக் கல்வியைச் சீரமைக்கும் வழிகளையும் எழுதினார்.

இதற்கிடையே இலண்டன் வட்டமேசை மாநாட்டில் அவருடன் அமர்ந்து நம் மக்களுக்காக வாதாடியவர், மதுராந்தகத்தை அடுத்த கோழியாளம் தந்த பெருமகனார் இரட்டைமலை சீனிவாசன் ஆவார் என்பதை நம் மாவட்டத்தார் பெருமையோடு நினைவிற் கொள்கிறோம்.

தாம் பெற்றதைப் பிறர் பெற

தமக்கு ஒரு மன்னரின் கருணையால் கிடைத்தது பிறருக்கு உரிமையாகக் கிடைக்க வேண்டும் என்பதே அண்ணலின் எண்ணம். வைசிராய் நிர்வாக சபையில் உறுப்பினராக இருந்தபோது 1942-இல் அவர் விடாது கோரியதன் விளைவாக, 1944 முதல் தாழ்த்தப்பட்ட மாணவர்க்கு மெட்ரிகுலேஷனுக்குப் பிந்திய படிப்புக்கான மத்திய அரசு உதவித் தொகை தொடங்கியது. 1945-இல் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவினார். 1946-இல் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரியும், 1950-இல் ஔரங்காபாத்தில் மற்றொரு கல்லூரியும் எழுந்தன. 1952-இல் கொலம்பியாப் பல்கலைக் கழகம் தன் பழைய மாணவரை அழைத்துக் கௌரவ டாக்டர் பட்டம் அளித்தது. தாயகத்தில் உஸ்மானியாப் பல்கலைக் கழகம் மறு ஆண்டிலே அவ்வாறு சிறப்பித்தது. 1956 டிசம்பர் 6-ஆம் நாள் அண்ணல் மறைந்தார்.

அவர் தொடங்கி வைத்த வழி பின்னர் விரிந்தது. 1954-55 முதல் வெளிநாட்டுப் படிப்புக்கான தேசிய உதவித் தொகையும், 2005-06 முதல் எம்.பில்., பிஎச்.டி. ஆய்வாளர்க்கான தேசிய ஆய்வு நிதியும் ஏற்பட்டன. எனினும் மாமல்லபுரம் கடற்கரைப் பகுதியில் நிலைமை என்ன? கல் உடைப்போர், சவுக்குத் தோப்புக் கூலிகள், உப்பளத் தொழிலாளர் ஆகியோரின் பிள்ளைகள் இன்று பட்டதாரிகளாக விளங்குகின்றனர். ஆனால் பட்டம் பெற்ற மறு மாதமே குடும்பக் கடன் அவர்களைக் கிடைத்த வேலைக்கு இழுத்துச் செல்கிறது. தகுதித் தேர்வெழுதிக் கல்லூரி ஆசிரியராகத் தக்கவர் கடைக் கணக்கு எழுதுகிறார். உதவித் தொகை அறிவிக்கப்பட்டாலும் அது கைக்கு வந்து சேரும் வரை உள்ள சில மாதங்களைக் கடக்க வழியின்றிப் படிப்பை விட்டோரை நாம் அறிவோம்.

அண்ணலின் வாழ்வில் அந்த இடைவெளியை நிரப்பியது பத்தேனாவின் கடனும் முல்லரின் புத்தகங்களும் கேளுஸ்கரின் பரிந்துரையுமே. இம்மூன்றையும் ஒரு சங்கம் தன் கடமையாக மேற்கொள்ள இயலும். பள்ளி மாணவர்க்குப் புத்தகம் வழங்குவதோடு நில்லாமல், முதுகலைக்கும் ஆய்வுக்கும் செல்வோர்க்கு உதவித் தொகை வரும் வரை கைம்மாற்றாக உதவும் நிதியொன்றை இவ்வெள்ளி விழா ஆண்டில் தொடங்க வேண்டுகிறோம். சென்னையில் தங்கிப் படிப்போர்க்கு நான்கு பேர் தங்கத்தக்க ஓர் அறையேனும் வாடகைக்கு எடுத்தல் வேண்டும். ஆசிரியப் பணியிலுள்ள நம்மவர் ஒவ்வொருவரும் ஒரு மாணவரின் விண்ணப்பத்தை உடனிருந்து எழுதி, காலக்கெடுவுக்குள் அனுப்பி வைக்கும் பொறுப்பை ஏற்க வேண்டும். உதவி பெற்றவர் வேலையில் அமர்ந்ததும் அத்தொகையை நிதிக்கே திருப்பித் தருவாராயின், அடுத்து வருபவர்க்கு அது பயன்படும். ஓய்வு பெறும் ஆசிரியர்கள் முதல் தவணையை அளித்து இதனைத் தொடங்கி வைப்பார்களாக.