டாக்டர் ஆர்க்காடு இலட்சுமணசாமி முதலியார்

குடைவரைக் கோயிலாற் பெயர்பெற்ற குன்றாண்டார்கோவில் போன்ற புதுக்கோட்டைப் பகுதிச் சிற்றூர்களிலும், சூலுற்ற பெண்ணொருத்தி சுகாதார நிலையஞ் சென்றால், அவள் புயத்திற் பட்டை சுற்றி இரத்த அழுத்தம் பார்க்கின்றனர். நம் நாட்டில் பிரசவ வைத்தியத்தை ஒழுங்குபெறச் செய்த பெரியார் ஒருவரின் சரிதத்தை இவ்விடத்து எழுதத் துணிந்தோம்.

1887-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ந் தேதி கர்நூலில் இரட்டையருள் ஒருவராய்ப் பிறந்தார் இலட்சுமணசாமி. உடன் பிறந்தவர், பின்னாளில் மைசூர்த் திவானாய் விளங்கிய இராமசாமி முதலியார். நம்முடையதைப் போன்ற மிஷன் கலாசாலையாகிய சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிற் பயின்று, பின் வைத்தியக் கல்லூரி புகுந்தார். பிற்காலத்தில் அக்கல்லூரிக்கே முதல் இந்தியத் தலைவருமானார்.

எழும்பூர் மகப்பேறு மருத்துவமனையில் அவர் கண்டது துயரக் காட்சி. பிள்ளைப்பேற்றிலே தாய்மார் மடிவதை விதியென விட்டுவிட அவர் மனம் ஒப்பவில்லை. சென்னை நகரில் அம்மரணங்களின் காரணங்களை ஆராய்ந்து 1933-ல் அறிக்கை வெளியிட்டார். இரத்தப் போக்கும் சீழ்ச் சுரமும் யாவரும் அறிந்த பகைகள். சூல்வலிப்போ சொல்லாமல் வருவது. கருவுறுமுன்னரே, அல்லது இருபதாம் வாரத்திற்கு முன்னரே, அழுத்தம் 140/90-க்கு மேல் நிற்பின் அது நாட்பட்ட நோயாகும். அப்பெண்ணுக்கு நோவொன்றுந் தோன்றாதிருக்கலாம். நன்றாயிருக்கிறேன் என்றே சொல்வாள். ஆயினும் நஞ்சுக்கொடி முன்னதாகப் பிரிதல், சிசு வளர்ச்சி குன்றல், குறைமாதப் பேறு, வலிப்பு, மூளையில் இரத்தக் கசிவு ஆகியவை அவளைச் சூழ நிற்கின்றன. அளந்து பார்த்தாலன்றி இது புலப்படாது.

1938-ல் அவர் இயற்றிய பிரசவ வைத்திய நூல் வெளிவந்தது. சென்னைச் சர்வகலாசாலையின் துணைவேந்தராய் 1942 முதல் 27 ஆண்டு வீற்றிருந்ததையே பலரும் புகழ்வர். எமக்கோ இந்நூலே பெரிதெனத் தோன்றுகிறது. அதனைப் பின்னர் அவருடன் செப்பனிட்ட டாக்டர் கிருஷ்ண மேனன், மூன்று மருந்துகளைச் சேர்த்தளித்துச் சூல்வலிப்பை அடக்கும் முறையை 1961-ல் வெளியிட்டார். அது பிற நாடுகளிலும் பரவிற்று. 1995-ல் வெளியான பன்னாட்டு ஆராய்ச்சிக்குப்பின் மெக்னீசியம் சல்பேட்டே முதலிடம் பெற்றது. நாட்பட்ட அழுத்தமுடையார்க்கு இக்காலத்தார் மூன்றாம் மாத முடிவிலிருந்து சிற்றளவு ஆஸ்பிரினும் அளிக்கின்றனர்.

1961-ல் உலக சுகாதார சபைக்குத் தலைமை வகித்த முதலியார், 1974-ஆம் ஆண்டு ஏப்ரல் 15-ந் தேதி காலமானார். அந்நூல், பின்வந்தோர் திருத்திய பதிப்புகளாய், வைத்திய மாணவர் கைகளில் இன்னும் இருக்கின்றது.