ஒரு ரூபாய் முதல் உயர்நீதிமன்றம் வரை

மலையுச்சியைக் கண்டு வியப்பவர் பலர். அங்கே செல்லும் படிகளை எண்ணிப் பார்ப்பவர் சிலர். பெரியோர் வரலாறுகளை எழுதுவோரும் பெரும்பாலும் உச்சியையே காட்டுகின்றனர். பட்டம், பதவி, சிலை இவற்றைப் படித்து முடித்தபின் நம் உள்ளத்தில் எழுவது ஊக்கமா, ஏக்கமா என்று சொல்வது கடினம். ஆகவே ஒரு பெரியாரின் உச்சியைப் பின்னால் வைத்து, அவர் ஏறிய படிகளை முதலில் எண்ணிக் காட்ட விரும்புகிறேன். அவர் சென்னை உயர்நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதியான சர் தி. முத்துசாமி ஐயர்.

இவரை நான் தேடிப் படித்ததற்குக் காரணம் உண்டு. கொச்சியின் தோப்பும்படி மீன்பிடித் துறைமுகத்தை அறிந்தோர், அங்கே மலையாளத்தோடு குமரி மாவட்டத் தமிழும் ஒலிப்பதைக் கேட்டிருப்பர். தூத்தூர் வட்டாரத்து ஆழ்கடல் மீனவர் பலர் அங்கிருந்துதான் கடலுக்குச் செல்கின்றனர். என் தந்தையாரும் அவர்களுள் ஒருவர். மாதச் சம்பளம் என்பதை அவர் கண்டதில்லை. டீசலுக்கும் ஐஸுக்கும் கழித்தது போக, எஞ்சியதில் ஒரு பங்குதான் அவர் வருவாய். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வீசியபோது திரும்பாத படகுகள் பல. காணாமற்போனவரின் குடும்பத்தார் இறப்புச் சான்று பெறுவதற்கே அல்லற்பட்டனர். ஏழாண்டுகள் செய்தியே இல்லாதிருந்தால்தான் ஒருவர் இறந்ததாகக் கருதலாம் என்பது பொதுவான சட்டம். அதைத் தளர்த்த அரசின் தனி ஆணை வேண்டியிருந்தது. சட்டம் தெரிந்த பிள்ளை ஒருவன் நம் தெருவில் இல்லையே என்று பெரியவர்கள் அந்நாளில் வருந்தினார்கள். நான் சட்டம் பயில எண்ணியது அப்போதுதான்.

இப்போது பட்டப்படிப்பின் இறுதியாண்டில் இருந்துகொண்டே சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வுக்கும் படித்து வருகிறேன். மாதிரித் தேர்வில் சென்ற வாரத்தைவிட மூன்று விடைகள் கூடுதலாகச் சரியாக இருந்தால், நண்பர்களோடு பழம்பொரியும் சுலைமானியும் வாங்கி அதைக் கொண்டாடுவது என் வழக்கம். மூன்று கேள்விகளுக்கு ஒரு விழாவா என்று கேலி செய்யும் தோழர்கள் நம் விடுதியில் உண்டு. அவர்களுக்கு நான் தரும் மறுமொழியே இந்த வாழ்க்கை வரலாறு.

முத்துசாமி 1832ஆம் ஆண்டு ஜனவரி 28ஆம் நாள் தஞ்சை மாவட்டத்து உச்சுவாடியில் ஓர் ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்தார். தாயும் மகனும் பிழைப்பைத் தேடித் திருவாரூர் சென்றனர். அங்கே கிராமக் கணக்கருக்கு உதவியாளாகச் சிறுவன் வேலையில் அமர்ந்தான். சம்பளம் திங்களுக்கு ஒரு ரூபாய். சில காலத்தில் தாயும் மறைந்தார். பள்ளியில் இருக்க வேண்டிய வயதில் பிறர் கணக்கை எழுதிக்கொண்டிருந்த அந்தச் சிறுவனுக்கு உயர்ந்த குறிக்கோள் என்ன இருந்திருக்க முடியும்? கையிலிருந்த கணக்கைப் பிழையின்றி எழுதுவதுதான்.

அந்தப் பிழையின்மையே அவருக்கு வழி திறந்தது. ஒரு முறை வெள்ளத்தில் ஆற்றங்கரை உடைந்தது. அதன் நிலையை அறிந்துவர அச்சிறுவன் அனுப்பப்பட்டான். உடைப்பின் அளவையும், அதை அடைக்க வேண்டிய பொருள்களையும் அவன் துல்லியமாகக் கணித்து வந்து கூறினான் என்றும், அதைக் கேட்டுத் தாசில்தார் முத்துசாமி நாயக்கர் வியந்தார் என்றும் அவர் வரலாற்றை எழுதியோர் சொல்வர். நாயக்கரின் உதவியால் முத்துசாமி முதலில் நாகப்பட்டினத்திலும், பின்னர் சென்னை உயர்நிலைப் பள்ளியிலும் பயின்றார். சென்னையில் பவல் என்னும் ஆங்கிலேயத் தலைமையாசிரியரின் அன்புக்குரிய மாணவரானார். தெருவிளக்கின் ஒளியில் அவர் படித்தார் என்னும் செய்தி இன்றும் செவிவழியாக வழங்கி வருகிறது.

1854இல் ஆங்கிலக் கட்டுரைப் போட்டி ஒன்றில் வென்று 500 ரூபாய் பரிசு பெற்றார். ஒரு ரூபாய்ச் சம்பளத்துக்கு நாற்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்தால்தான் அத்தொகை கைக்கு வரும்! ஆயினும் அடுத்த நாளே அவர் நீதிபதியாகிவிடவில்லை. ஆசிரியராக இருந்தார்; தஞ்சைக் கலெக்டர் அலுவலகத்தில் பதிவேடுகளைக் காத்தார்; பள்ளிகளின் துணை ஆய்வாளராகவும் பணிபுரிந்தார். வெளியிலிருந்து பார்ப்பவர்க்கு இவை தொடர்பில்லாத சிறு வேலைகளாகவே தோன்றும். ஆனால் மொழியும், ஆவணப் பழக்கமும், மக்களை அறியும் அறிவும் அங்கேதான் சிறுகச் சிறுகச் சேர்ந்தன.

1856இல் வழக்கறிஞர் தேர்வு நடந்தது. முத்துசாமி கும்பகோணத்தில் அதனை எழுதி முதலிடத்தில் தேறினார். அவ்வாண்டிலேயே தரங்கம்பாடியில் மாவட்ட முன்சீப் பதவி கிடைத்தது. 1859இல் தஞ்சையில் துணைக் கலெக்டரானார். 1865இல் மங்களூரில் சார்பு நீதிபதியானார். 1868இல் சென்னையில் மாஜிஸ்திரேட் ஆனார். இங்கே நாம் சற்று நின்று எண்ண வேண்டிய ஒன்று உண்டு. பன்னிரண்டு ஆண்டுகள் நீதித்துறையிலும் ஆட்சித்துறையிலும் பணியாற்றிய பிறகு, சென்னையில் மாஜிஸ்திரேட்டாக இருந்துகொண்டே அவர் சட்டப் பட்டத் தேர்வு எழுதித் தேறினார். தீர்ப்புச் சொல்லி வந்த கை, மீண்டும் தேர்வுத் தாளில் விடை எழுதியது! தம் வயதில் பாதியே ஆன இளைஞர்களோடு அமர அவர் நாணவில்லை. கற்க வேண்டியது இருக்கும்வரை கற்பதில் இழிவு ஏது?

இன்னொன்றையும் கருதுங்கள். திருவாரூரில் ஒரு ரூபாய்க்கு உழைத்த நாளில் சென்னைப் பல்கலைக்கழகம் இல்லை. அது 1857இல்தான் தோன்றியது. சென்னை உயர்நீதிமன்றமும் இல்லை. அது 1862இல் அமைந்தது. அவர் எந்தப் பட்டத்தைப் பெற்றாரோ, எந்த ஆசனத்தில் அமர்ந்தாரோ, அவை இரண்டும் அவர் புறப்பட்டபோது உலகிலேயே இல்லை! ஆகவே அவற்றைக் குறிவைத்து அவர் நடந்திருக்க முடியாது. அடுத்த படி ஒன்றுதான் கண்ணுக்குத் தெரிந்தது. அதில் காலை ஊன்றிய பிறகே அதற்கடுத்தது தெரிந்தது.

மாஜிஸ்திரேட் பதவிக்குப் பின் சென்னைச் சிறுவழக்கு நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்தார். 1878இல் உயர்நீதிமன்ற நீதிபதியானார். கல்கத்தாவில் 1863லேயே சம்புநாத் பண்டிட் அத்தகைய பதவியை ஏற்றிருந்தார். சென்னையில் அப்பதவியை ஏற்ற முதல் இந்தியர் முத்துசாமி ஐயரே. 1893இல் சிறிது காலம் தற்காலிகத் தலைமை நீதிபதியாகவும் விளங்கினார். 1895 ஜனவரி 25ஆம் நாள், பதவியில் இருக்கும்போதே மறைந்தார். சென்னை உயர்நீதிமன்றத்தில் அவர் சிலை இன்றும் அமர்ந்திருக்கிறது.

நம் பகுதிக்கும் அவருக்கும் தொடர்பு உண்டு. 1891இல் மலபார்த் திருமணமுறையை ஆராய்ந்த ஆணையத்தின் தலைவர் அவரே. சங்கரன் நாயரும், இந்துலேகா நாவலை எழுதிய சந்து மேனனும் அதில் உறுப்பினர்கள். அதன் பயனாக 1896இல் மலபார்த் திருமணச் சட்டம் வந்தது. தோப்பும்படிக்கு அண்மையிலுள்ள ஃபோர்ட் கொச்சி அந்நாளில் மலபார் மாவட்டத்தைச் சேர்ந்த பிரிட்டிஷ் ஊர். அங்கத்து வழக்குகளும் மேல்முறையீட்டில் சென்னை உயர்நீதிமன்றத்துக்கே சென்றன.

முத்துசாமிக்கு ஒரு தாசில்தார் கிடைத்தார்; ஒரு பவல் கிடைத்தார். அவர் காலத்தில் பள்ளி வாயிலையே மிதிக்க விடப்படாத குடியினர் எத்தனையோ பேர். கடற்கரையிலும் சேரியிலும் இருந்த அறிவு, துணையின்றிக் கருகியது. இதை மறந்து, முயன்றால் எவரும் உயரலாம் என்று மட்டும் சொல்வது அரைகுறை உண்மையாகும். இன்று நமக்குப் பள்ளி உண்டு, நூலகம் உண்டு, விடுதியில் ஒரே விளக்கின் கீழ் அமர்ந்து ஒருவர்க்கொருவர் கேள்வி கேட்டுப் பயிலத் தோழர் உண்டு. அந்தத் தாசில்தார் செய்த வேலையை நாமே ஒருவர்க்கொருவர் செய்துகொள்ள முடியும்.

ஆகவே நண்பர்களே, பக்கத்து அறைத் தோழன் நேற்று புரியாத ஒரு சட்டவிதி இன்று புரிந்தது என்று மகிழ்ந்து வந்தால் நகைக்காதீர்கள். இருந்து கேளுங்கள், கைகொடுங்கள். தேர்வில் அவன் வெல்வானோ தோற்பானோ, அதை இன்று எவரும் சொல்ல முடியாது. நேற்றைக்கு இன்று ஒரு படி மேலே நிற்கிறான் என்பதை மட்டும் உறுதியாகச் சொல்லலாம். அந்த உறுதியைக் கொண்டாடாமல் வேறு எதைக் கொண்டாடுவது?