கிட்டார் நெக்குக்கு வேம்பின் சொந்தக்கார மரம்... சங்கச் சண்டைக்குப் பிறகு கப்பலேறிய தச்சர் மகன்! யார் இந்த சி.எஃப்.மார்ட்டின்?

கிட்டார் வாங்கப் போனால் முதலில் எதைப் பார்ப்போம்? உடல் பகுதியின் பளபளப்பு, கம்பெனி பெயர், அப்புறம் விலை. இடது கை பிடிக்கிற நீளமான கழுத்து, அதாங்க 'நெக்', அது என்ன மரம்னு கேட்பவர்கள் ரொம்பக் குறைவு. ஆனால் ஆறு தந்திகளும் சேர்ந்து ராத்திரி பகலா முன்பக்கம் இழுத்துக்கொண்டே இருப்பது அந்த நெக்கைத்தான். அது லேசாக வளைந்தாலே வாசிக்கக் கஷ்டம்.

இந்த நெக்கை எப்படி, எதில் செய்வது என்று திரும்பத் திரும்ப மாற்றிப் பார்த்தவர் கிறிஸ்டியன் ஃபிரெட்ரிக் மார்ட்டின். இன்றும் அமெரிக்காவில் இயங்கும் மார்ட்டின் கிட்டார் நிறுவனத்தைத் தொடங்கியவர்.

நாற்காலி செய்பவன் கிட்டார் செய்யலாமா?

1796 ஜனவரி 31-ம் தேதி, ஜெர்மனியின் சாக்சனி பகுதியில் உள்ள மார்க்நியூகிர்ஷன் ஊரில் பிறந்தார் மார்ட்டின். வயலின் தயாரிப்புக்குப் பேர் போன ஊர் அது. ஆனால் மார்ட்டினின் அப்பா வயலின் செய்பவர் இல்லை. மேஜை, அலமாரி செய்யும் தச்சர். அங்கேதான் பிரச்னையே.

அந்தக் காலத்தில் ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு சங்கம். கிட்டாரும் இசைக்கருவிதான், அதைத் தொடும் உரிமை எங்களுக்கு மட்டுமே என்றது வயலின் தொழிலாளர் சங்கம். கிட்டாரை நாங்கள்தான் ரொம்ப நாளாகச் செய்துவருகிறோம் என்றது தச்சர் சங்கம். 1826-ல் ஒருமுறை, 1832-ல் மறுபடியும் என விவகாரம் அதிகாரிகள் வரை போனது.

தச்சர்கள் தங்கள் பக்கத்துக்குக் காட்டிய ஆதாரங்களில் ஒருவர் மார்ட்டின். காரணம், வியன்னாவில் யோஹான் கியோர்க் ஸ்டாஃபர் என்ற பெரிய கிட்டார் கலைஞரிடம் தொழில் படித்து வந்தவர் அவர். தீர்ப்பு தச்சர்களுக்குச் சாதகமாகவே வந்தது. ஆனாலும் ஜெயித்த கையோடு 1833-ல் மனைவி ஒட்டிலி, பிள்ளைகளுடன் அமெரிக்காவுக்குக் கப்பலேறிவிட்டார் மார்ட்டின். எத்தனை நாளைக்குத்தான் சண்டை போடுவது?

நியூயார்க்கின் ஹட்சன் தெருவில் கடை. கிட்டார் மட்டும் விற்றால் வயிறு நிறையாது என்பதால் ஊதுகருவிகள், இசைத்தாள்கள் என எல்லாம் விற்றார். ஆனால் அந்த நகரம் குடும்பத்துக்கு ஒட்டவில்லை. 1839-ல் பென்சில்வேனியா மாநிலத்தின் நசரேத் என்ற சின்ன ஊருக்குக் குடிபெயர்ந்தார். ஜெர்மன் பேசுபவர்கள் நிறைந்த இடம் அது.

சாவி போட்டுத் திருப்பும் நெக்

மார்ட்டினின் ஆரம்பகால கிட்டார்கள் குரு ஸ்டாஃபரின் பாணியில் இருந்தன. தந்தியை முறுக்கும் ஆறு திருகாணிகளும் ஒரே பக்கம். நெக்கின் அடியில் ஒரு துளை. கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பது மாதிரி அதில் சாவியை விட்டுத் திருப்பினால், நெக்கின் சாய்வு மாறி தந்தி மேலே ஏறும் அல்லது கீழே இறங்கும். அந்தக் காலத்துக்கு இது பெரிய விஷயம்.

ஆனால் செய்வதற்கு வேலை ஜாஸ்தி. போகப்போக மார்ட்டின் எளிமையான வடிவத்துக்கு மாறினார். அதற்குப் பயன்பட்ட மரம்தான் ஸ்பானிஷ் சீடர்.

பெயரில்தான் சீடர். உண்மையில் இது தேவதாரு இனமே இல்லை. கரீபியன் தீவுகளிலும் மத்திய, தென் அமெரிக்காவிலும் வளரும் இந்த மரம், நம்ம ஊர் வேம்பின் குடும்பத்தைச் சேர்ந்தது. மகோகனியும் அதே குடும்பம்தான். வாசனை உண்டு, பூச்சி அண்டாது. சுருட்டுப் பெட்டி செய்ய இதைத் தேடித்தேடி வாங்கியதும் அதனால்தான்.

நெக்குக்கு ஏன் இது? முதல் காரணம் எடை. நெக் கனமாக இருந்தால் கிட்டாரின் தலைப்பக்கம் கீழே சாயும். சீடர் லேசான மரம், நன்றாக உலர்ந்துவிட்டால் எளிதில் முறுக்கிக்கொள்ளாது, உளிக்கும் வழிவிடும். அன்றைய தந்திகளும் இதற்கு ஒத்துவந்தன. மெல்லிய மூன்றும் குடலில் திரித்த நரம்பு, தடித்த மூன்றும் பட்டு நூலின் மேல் உலோகம் சுற்றியவை. இழுவிசை குறைவு என்பதால் லேசான மரமே தாங்கியது.

தலைப்பகுதியில் இன்னொரு சிக்கல். அது பின்பக்கம் சாய்ந்திருக்கும். ஒரே கட்டையில் குடைந்தால் மரமும் வீணாகும், சாய்வில் நார் குறுக்கே வெட்டுப்பட்டு அந்த இடத்தில் ஒடியும் வாய்ப்பும் அதிகம். அதனால் தலையைத் தனியாகச் செய்து நெக்கோடு பொருத்தினார்கள். அந்த இணைப்பின் பின்பக்கம் கூர்மையாக ஒரு புடைப்பு தெரியும்.

மேல்பலகையின் உள்ளே எக்ஸ் வடிவில் சட்டம் கொடுக்கும் முறையும் 1840-களில் மார்ட்டின் கிட்டார்களில் வந்தது. அவர் பெயரை அதிகம் சொல்லவைப்பது அதுதான்.

1873 பிப்ரவரி 16-ம் தேதி மார்ட்டின் காலமானார். தொழிலை மகன் எடுத்துக்கொண்டார்.

அப்புறம் என்ன ஆச்சு?

20-ம் நூற்றாண்டில் ஸ்டீல் தந்தி வந்தது. சாதாரண ஸ்டீல் தந்தி செட் ஒன்று நெக்கை சுமார் 70 கிலோ அளவுக்கு இழுக்கும். சீடருக்கு இது கொஞ்சம் ஓவர். அதைவிட உறுதியான மகோகனிக்கு நிறுவனம் மாறியது. பிறகு நெக்குக்குள் இரும்புத் தண்டும் வைத்தார்கள். இப்போது மகோகனிக்கே தட்டுப்பாடு. லத்தீன் அமெரிக்காவின் பெரிய இலை மகோகனி மீது 2003 முதல் சர்வதேச வர்த்தகக் கட்டுப்பாடு இருக்கிறது.

மார்ட்டினின் பிரபலமான டி-28 மாடல் கையில் கிடைத்தால், தலைப்பகுதியின் பின்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். வைரக்கல் மாதிரி ஒரு புடைப்பு தட்டுப்படும். தலையைத் தனியாக ஒட்டிய காலத்தின் மிச்சம் அது. இணைப்பு எப்போதோ போய்விட்டது, புடைப்பை மட்டும் இன்னும் செதுக்கிக்கொண்டிருக்கிறார்கள்.