மன்னரின் நாணயம்

காசையும் நேர்மையையும் ‘நாணயம்’ என்ற ஒரே சொல்லால் குறிக்கிறது தமிழ். பிரஷ்யாவின் மன்னர் இரண்டாம் பிரெடரிக்கின் வாழ்வை இவ்விரு பொருளிலும் எடைபோட வேண்டும் என்பது, பொருளியலை நெடுங்காலம் கற்பித்த என் கருத்து.

1712-இல் பெர்லினில் பிறந்த அவர், புல்லாங்குழலிலும் பிரெஞ்சு இலக்கியத்திலும் தோய்ந்து வளர்ந்தார். மாக்கியவெல்லியின் அரசியல் சூழ்ச்சிகளை மறுத்து, ஆள்வோருக்கு அறம் வேண்டும் என வாதிட்டு நூல் எழுதினார். 1740-இல் அந்நூல் வெளிவந்தது. அவ்வாண்டே அரியணை ஏறியவர், ஆண்டு முடிவதற்குள் சைலீசியா மீது படையெடுத்தார்.

1741 முதல் அவர் பெயர் தாங்கிய ‘பிரெடரிக்தோர்’ பொற்காசு வெளிவந்தது. ஐந்து தாலர் மதிப்புடைய அதன் எடை சுமார் 6.7 கிராம், அதில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு தூய தங்கம். அரசுகள் பலவும் தனித்தனியே காசு அடித்த ஜெர்மன் நிலத்தில், வணிகருக்கு முத்திரையே உறுதிமொழி.

1756-இல் ஏழாண்டுப் போர் மூண்டது. சாக்சனியைக் கைப்பற்றிய பிரெடரிக், லைப்சிக் நாணயச்சாலையை எப்ராயிம், இட்சிக் ஆகிய யூத வணிகரின் கூட்டுக்குக் குத்தகைக்கு விட்டார். சாக்சனி ஆட்சியாளர் அகஸ்டஸின் உருவம் பொறித்தே மாற்றுக் குறைந்த காசுகள் அடிக்கப்பட்டன. சிலவற்றில் போருக்கு முந்தைய ஆண்டே இருந்தது. 1758 முதல் பிரிட்டன் ஆண்டுதோறும் அளித்த 6,70,000 பவுண்டு உதவியும் இவ்வாறே உருக்கிப் பெருக்கப்பட்டது. போர்ச்செலவின் கணிசமான பங்கு இவ்வழியில் கிடைத்தது.

பொருளியலில் இதுவும் வரியே. ஆணையின்றி, அறிவிப்பின்றி, விலைவாசி வழியாக வசூலாகும் வரி. காசை எடைபோடத் தெரிந்த வணிகர் தப்பினர். மாதச் சம்பளக்காரரும் கூலியாளும் இழந்தனர். மக்களோ அக்காசுகளுக்கு எப்ராயிமின் பெயரைச் சூட்டி, யூதர்கள் மீது வெறுப்பைக் கொட்டினர். குத்தகை நிபந்தனையை விதித்ததும் பெரும் ஆதாயம் பெற்றதும் மன்னர்தாம்.

1763-இல் போர் முடிந்தது. அவ்வாண்டே ஆம்ஸ்டர்டாம், ஹாம்பர்க், பெர்லின் வணிக நிறுவனங்கள் பல சரிந்தன. 1764-இல் பிரெடரிக் பழைய தரத்தை மீட்டார். உருளைக்கிழங்கு பயிரிடுவதை ஊக்குவித்தார். சிதைந்த ஊர்களைச் சீரமைத்தார். 1786-இல் மறைந்த அவரை வரலாறு ‘மகா’ என்ற அடைமொழியோடு போற்றுகிறது.

தரத்தை மீட்டது பாராட்டுக்குரியதே. ஆனால், தேய்ந்த சேமிப்பை எந்த ஆணையும் ஈடுசெய்யவில்லை. பணத்தின் மதிப்பைக் குறைக்க இன்றைய அரசுகளுக்கு உலைக்களம்கூடத் தேவையில்லை. அதனால் யார் இழக்கிறார்கள், யார்மீது பழி விழுகிறது என்று கேட்பது குடிமக்களின் கடமை.