பாட்டின் பயனை அறிந்த பேரரசர்

தென்பாண்டி நாட்டில், மேற்கு மலைத் தொடரின் அடிவாரத்தே, ஸ்ரீவில்லிபுத்தூரும் இராசபாளையமும் ஏறத்தாழ பன்னிரண்டு கிலோமீட்டர் இடைவெளியில் அமைந்துள்ளன. முன்னது பெரியாழ்வாரும் ஆண்டாளும் வாழ்ந்த வைணவத் திருப்பதி. பின்னது, விசயநகரப் பேரரசின் காலத்தை ஒட்டித் தெற்கே வந்த தெலுங்கு பேசும் ராஜு குலத்தார் நிறைந்து வாழும் ஊர். இவ்விரண்டு ஊர்களையும் ஒரு தெலுங்குக் காவியம் இணைத்து நிற்கிறது. அதனை இயற்றியவர் பேரரசர் கிருஷ்ணதேவராயர். ஒரு பாட்டினால் என்ன செய்ய இயலும், அதன் ஆற்றல் எங்கிருந்து பிறக்கிறது என்பதே அக்காவியத்தின் உள்ளே ஓடும் கேள்வியாகும்.

வைணவரான அரசர் ஒருவரின் வரலாறு நமது ஏட்டில் ஏன் இடம்பெற வேண்டும் என்று அன்பர்கள் சிலர் எண்ணலாம். விசயநகர மன்னர்களுக்கும் நம் முன்னோர்க்கும் நெடுநாள் தொடர்பு உண்டு. 1368ஆம் ஆண்டில், ஜைனருக்கும் வைணவருக்கும் பூசல் எழுந்தபோது, முதலாம் புக்கராயர் இரு சமயத்தாரையும் ஒருங்கே அழைத்து, இரண்டு தரிசனங்களுக்கும் வேற்றுமை இல்லை என அறிவித்துச் சமன் செய்த செய்தியைச் சிரவணபெளகொளக் கல்வெட்டு கூறுகிறது. காஞ்சியை அடுத்த திருப்பருத்திக்குன்றத்துத் திரைலோக்கியநாதர் கோயிலில் சங்கீத மண்டபத்தைக் கட்டுவித்தவர், விசயநகரத்துச் சேனாபதியும் அமைச்சருமான இருகப்பர். அவர் தம் குரு புஷ்பசேனரின் சொற்படி 1387-88இல் அத்திருப்பணியைச் செய்தார். அதே கோயிலில் கிருஷ்ணதேவராயர் காலத்துக் கொடைக் கல்வெட்டும் உள்ளது. இசைக்கென்று ஒரு மண்டபம் உடைய ஜினாலயம் அவர் ஆட்சியிலும் பேணப்பட்டது என்பது நாம் நினைவிற் கொள்ளத் தக்கது.

கிருஷ்ணதேவராயர் துளுவ மரபினர். தந்தையார் நரச நாயக்கர், தாயார் நாகலாதேவி. தமையனார் வீரநரசிம்மருக்குப் பின் 1509ஆம் ஆண்டில் அரியணை ஏறினார். தந்தையைப் போல் அவர் மதித்த சாளுவ திம்மரசர் முதலமைச்சராக நின்று வழிகாட்டினார். ஆட்சியின் முதல் பத்தாண்டுகள் பெரும்பாலும் போர்க்களத்திலேயே கழிந்தன. உம்மத்தூர்த் தலைவனை அடக்கிய பின், கஜபதி மன்னரின் உதயகிரிக் கோட்டையை நெடுநாள் முற்றுகையிட்டுக் கைப்பற்றினார். 1515இல் கொண்டவீடு வீழ்ந்தது. 1520இல் இராய்ச்சூர்ப் போரில் பீசப்பூர்ச் சுல்தானை வென்றார். அவ்வாண்டுகளை ஒட்டி விசயநகரத்தைக் கண்ட போர்த்துக்கீசியர் தொமிங்கோ பயஸ், அந்நகரின் செல்வத்தையும் அரசரின் தோற்றத்தையும் வியந்து விரிவாக எழுதி வைத்துள்ளார்.

வாளேந்திய அதே கை எழுத்தாணியையும் ஏந்தியது. வடமொழியில் ஜாம்பவதி பரிணயம் என்னும் நாடகம் அவர் இயற்றியது. அல்லசானி பெத்தனர், நந்தி திம்மனர் முதலான தெலுங்குப் புலவர்கள் அவரது அவையை அணி செய்தனர். பெத்தனரின் பல்லக்கை அரசர் தாமே தோள் கொடுத்துத் தாங்கினார் என்று வழிவழியாகக் கூறுவர். கவிஞன் முன் அரசன் தாழ்வது இழிவன்று என்று மக்கள் அவரைப் பற்றி நம்பியமைக்கு இக்கதையே சான்று.

கலிங்கத்தின்மீது படை நடத்திச் சென்ற காலத்தில் அவர் கிருஷ்ணை நதிக்கரையிலுள்ள ஸ்ரீகாகுளம் என்னும் ஊரில் தங்கினார். ஏகாதசி நோன்பிருந்த அவ்விரவில் அவ்வூர்த் தெய்வமாகிய ஆந்திர விஷ்ணு கனவில் தோன்றி, ஆண்டாள் திருவரங்கத்தில் மணம் கொண்ட கதையைத் தெலுங்கில் பாடுமாறு பணித்தார் என்று அரசரே நூலின் தொடக்கத்தில் கூறுகிறார். அவ்வாறு பிறந்ததே ஆமுக்தமால்யதம். சூடிக் களைந்த மாலையைத் தருபவள் என்பது அப்பெயரின் பொருள். தமிழ்நாட்டுப் பெண்ணொருத்தியின் வாழ்வைத் தெலுங்கில் ஆறு ஆசுவாசங்களாகப் பாடிய அக்காவியத்தின் வித்து, படைப் பயணத்தின் நடுவே விழுந்தது என்பது எண்ணத்தக்கது.

காவியத்தின் முதற்பகுதி வில்லிபுத்தூரை வருணிக்கிறது. விடியற்காலையில், வாய்க்கால் ஓரத்தில் வாத்துகள் தலையைச் சிறகினுள் செருகி உறங்குகின்றன. அவற்றைக் கண்ட காவலர், நீராட வந்த அந்தணர் மறந்து விட்டுச் சென்ற துணிச் சுருள்கள் என்று கருதி, எடுத்துக் கொடுப்பதற்காக நீரில் இறங்குகிறார்கள். வாத்துகள் எழுந்து பறக்கின்றன. நெற்பயிர் காக்கும் பெண்கள் கைகொட்டிச் சிரிக்கிறார்கள். பெரும்படை நடத்திய பேரரசர், ஒரு சிற்றூர்க் காவலனின் அசட்டுத்தனத்தையும் உழவர் மகளிரின் சிரிப்பையும் இவ்வளவு நுணுக்கமாகக் கண்டிருக்கிறார். கலை முதலில் செய்வது இதுவே. உயர்ந்த இருக்கையில் இருப்பவனைக் கீழே இறக்கி, எளியோரின் வாழ்வைக் காண வைக்கிறது.

இரண்டாம் ஆசுவாசத்தில் பாண்டிய மன்னன் ஒருவன் வருகிறான். வேனிற்கால இரவொன்றில் காமக்கிழத்தியின் இல்லம் நோக்கிச் செல்லும் வழியில், திண்ணையில் படுத்திருந்த வழிப்போக்கன் ஒருவன் பாடிய செய்யுள் அவன் செவியில் விழுகிறது. இளமையிலேயே முதுமைக்கும் இம்மையிலேயே மறுமைக்கும் வேண்டியதைத் தேடிக்கொள்ள வேண்டும் என்னும் கருத்துடையது அச்செய்யுள். பாடியவன் தனக்காகப் பாடினான். அரசன் கேட்பதை அவன் அறியான். ஆயினும் அந்த ஒரு பாட்டு அரசனின் கால்களைத் திருப்பியது. மறுநாள் மெய்ப்பொருளை உணர்த்த வல்லார் யார் என்று தேடத் தொடங்கினான். அவ்வாறு கூடிய அவையில் வில்லிபுத்தூர் விஷ்ணுசித்தர் வெற்றி பெற்றார் என்பது கதை.

இறுதிப் பகுதியில் வரும் மாலதாசரியின் வரலாறே காவியத்தின் உயிர் என்று கூறலாம். திருக்குறுங்குடியை அடுத்து வாழ்ந்த அவன், தாழ்ந்த குலத்தவன் என்று உலகம் ஒதுக்கிய ஒரு பாணன். நாள்தோறும் விடியுமுன் சென்று, கோயிலுக்கு வெளியே நின்று பாடித் திரும்புவான். ஒருநாள் விடிந்துவிட்டது என மயங்கி நள்ளிரவில் புறப்பட்டு, வழி தவறி, ஆலமரத்தில் வாழ்ந்த பிரமராட்சதனிடம் அகப்பட்டான். தன்னை உண்ண முனைந்த அரக்கனிடம், ஒருமுறை சென்று பாடிவிட்டுத் திரும்பி வருவதாகச் சூளுரைத்து விடை பெற்றான். பாடினான். சொன்னபடியே திரும்பி வந்தான். அரக்கன் திகைத்தான். உயிருக்கு அஞ்சி ஓடாமல், உண்ணப்படுவதற்குத் தானே வந்து நிற்கும் ஒருவனை அவன் கண்டதில்லை. இப்போது அவன் வேண்டியது ஊன் அன்று, பாட்டின் பயன். முதலில் மறுத்த பாணன், பின்னர் இரங்கி அதில் ஒரு பங்கைத் தந்தான். அரக்க உருவம் நீங்கியது. முற்பிறப்பில் வேள்வி செய்த அந்தணனாக இருந்து, தன் பிழையால் அரக்கனானவனை, குலத்தால் தாழ்ந்தவன் எனப்பட்டவனின் பாட்டு மீட்டது. இவ்வரலாற்றைக் கேட்டே, பாட்டினால் இறைவனை அடைய விரும்பிய நிலமகள் ஆண்டாளாகப் பிறந்தாள் என்று காவியம் கதையை முடிச்சிடுகிறது.

இங்கே நம் உள்ளத்தில் ஓர் ஐயம் எழுவது இயல்பு. வினைப்பயனை அவரவரே நுகர வேண்டும், ஒருவர் ஈட்டிய புண்ணியத்தை மற்றவருக்கு எடுத்துக் கொடுக்க இயலாது என்பது நம் ஆகமம் கூறும் உறுதி. அவ்வாறாயின் இக்கதையை நாம் எங்ஙனம் கொள்வது?

கதையைச் சற்று ஊன்றி நோக்கினால் விடை கிடைக்கும். அரக்கனின் மனம் எப்போது மாறியது? பாட்டு நிகழ்ந்த இடத்தில் அவன் இல்லை. அவன் கண்டது பாடியவன் திரும்பி வந்ததை மட்டுமே. வாய்மை தவறாத ஒருவனைக் கண்ட அக்கணத்தில் கொலை எண்ணம் அவனிடமிருந்து அகன்றது. அப்போதே வினையின் வரவு தடைப்பட்டது என்று நாம் கூறுவோம். பாட்டின் ஆற்றல் பண்ணில் மட்டும் இல்லை. பாடுகிறவன் வாழும் வாழ்வில் இருக்கிறது. சமந்தபத்திராசாரியார் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில், கொல்லாமை விரதத்திற்கு எடுத்துக்காட்டாக ஒரு மாதங்கனையே காட்டியிருப்பதை இங்கு நினைக்கலாம். யமபாலன் என்னும் அந்தத் தண்டனைத் தொழிலாளி, சதுர்த்தசி நாளில் கொல்வதில்லை என்ற விரதத்தை, தன் உயிரே போவதாயினும் விடவில்லை. குலத்தினும் விரதமே பெரிது என்பதில் இரு கதைகளும் ஒன்றுபடுகின்றன. சீவக சிந்தாமணியில், காந்தருவதத்தையின் இசைப் போட்டிக்கு வந்த சீவகன், கொண்டுவந்து காட்டிய யாழ்களில் குற்றமுள்ளவற்றை ஒதுக்கிவிட்டுக் குற்றமற்ற யாழையே கையில் எடுக்கிறான். யாழுக்கு வேண்டிய அத்தூய்மை பாடுவோனுக்கும் வேண்டும் என்று திருத்தக்கதேவரின் வழிவந்த நாம் கொள்வது பொருத்தமே.

அங்ஙனமாயின், இதனைப் பாடிய பேரரசரின் வாழ்வு எவ்வாறு முடிந்தது? அது துயரமானது. 1524ஐ ஒட்டி, இளம் மகன் திருமலைராயனுக்கு முடிசூட்டினார். சில மாதங்களில் சிறுவன் இறந்தான். போர்த்துக்கீசியர் நூனிஸ் எழுதி வைத்த குறிப்பின்படி, நஞ்சிட்டதாக ஐயுற்று, தம்மை வளர்த்து ஆளாக்கிய திம்மரசரையே சிறையிலிட்டுக் கண்களைப் போக்கினார். சினத்தை வெல்லும் பாட்டைப் பாடியவர் தம் சினத்தை வெல்ல இயலவில்லை. நூலில் தெளிவாகக் கண்ட அறம், வாழ்வில் சோதனை வந்தபோது கைநழுவிற்று. இதனைக் கூறுவது அவரைப் பழிப்பதற்கன்று. ஒரு நல்ல நூலை இயற்றினாலும், நாள்தோறும் படித்தாலும், கேட்டு மகிழ்ந்தாலும், அது தானாகவே நம்மைத் தூய்மையாக்கி விடாது என்பதை நாம் உணர வேண்டும். நூல் வழியைக் காட்டும். நடக்க வேண்டியவர் நாமே. நற்காட்சியும் நல்ஞானமும் நல்லொழுக்கத்தோடு சேர்ந்தாலன்றி வீடு தாரா என்று ஆசாரியர்கள் மும்மணியாக வைத்தது இதனாலன்றோ!

1529ஆம் ஆண்டில் இராயர் மறைந்தார். 1565இல் தலைக்கோட்டைப் போருக்குப் பின் விசயநகரம் அழிந்தது. அவர் வென்ற கோட்டைகள் ஒவ்வொன்றாகக் கை மாறின. நூல் மட்டும் நிலைத்தது. அதனைத் தமிழாக்கியவர் இராசபாளையத்துப் பன்மொழிப் புலவர் மு. கு. ஜகந்நாத ராஜா. 1989ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி மொழிபெயர்ப்புப் பரிசு அத்தமிழாக்கத்திற்கு வழங்கப்பட்டது. 2008இல் மறைந்த அப்பெரியார், ஜைன முனிவர் ஜயவல்லபர் தொகுத்த வஜ்ஜாலக்கம் என்னும் பிராகிருத நூலையும் தமிழுக்குத் தந்தவர் என்பதால், நம் சமூகம் அவருக்கு இரட்டிப்பாகக் கடமைப்பட்டுள்ளது. வில்லிபுத்தூரில் பிறந்த கதை, தெலுங்கில் காவியமாகி, பக்கத்து ஊரான இராசபாளையத்தின் வழியாக மீண்டும் தமிழுக்கே வந்து சேர்ந்தது.

ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரத்தைக் காணச் செல்லும் அன்பர்கள், அவ்வூரின் வாய்க்கால் ஓரத்து வாத்துகளையும், திண்ணையில் பாடிய வழிப்போக்கனையும், சொன்ன சொல் தவறாது திரும்பி வந்த பாணனையும் ஒருமுறை நினைத்துக்கொள்ளட்டும். திருப்பருத்திக்குன்றத்துச் சங்கீத மண்டபத்தில் நின்று ஜினரைத் துதி பாடும்போதும், நம் நாவில் உள்ள துதி நம் நடையிலும் உள்ளதா என்று தம்மைத் தாமே கேட்டுக்கொள்வாராக. பாட்டின் பயன் அக்கேள்வியில் தொடங்குகிறது.